மாப்பிள்ளை விசாரிக்கக் கடலுக்குள் இறங்கிய விபரம்

கல்பிட்டி,
2014 பெப்ரவரி 16, ஞாயிறு.

கண்ணியத்துக்குரிய ஹாசிம் நானா அவர்களுக்கு, தம்பி செய்னுலாப்தீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் இங்கே வீட்டிலும் வளவிலும் எல்லோரும் சுகம், என்னுடைய வலது காதைத் தவிர. கத்தார் வெயிலில் உங்கள் உடம்பும் தொழிலும் நலமாயிருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் கதை காற்றோடு போய்விடும், எழுத்துக்குத்தான் பாரம் அதிகம். வேறொரு காரணமும் இருக்கிறது, கீழே வரும்.

போன மாதம் நீங்கள் சொன்னீர்கள்: “நம்மட றிஃப்னாவுக்குப் பேசிற பொடியன் வெள்ளக்காரனுக்குச் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள்ள இறக்கிறானாம். அதெல்லாம் ஒரு தொழிலா? நீ போய்ப் பாத்து எழுது. உண்ட சொல்லுத்தான் எனக்கு முடிவு.” உங்கள் மகள் இரண்டு சம்பந்தத்தைத் தட்டிவிட்டு இந்த ஃபஸ்லானுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே கரையில் நின்று பார்த்துவிட்டு எழுதுகிற ஆள் நான் இல்லை. எட்டாம் தேதி சனிக்கிழமை நானே இறங்கினேன். இந்த மாவட்டத்தில் மாப்பிள்ளை விசாரிக்கக் கடலுக்குள் போன முதல் ஆள் நான்தான் என்று ஊரே சொல்கிறது.

காலை எட்டு மணிக்கு வெள்ளைச் சாரம், இஸ்திரி போட்ட சேட்டு, காதில் அத்தர் பஞ்சு என்று ஒரு பெரிய மனிதனுக்குரிய தோற்றத்தோடு ஃபஸ்லானின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பொடியன் சலாம் சொன்னான், கதிரை போட்டான், தேத்தண்ணி தந்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு என்னையும் ஐந்து வெள்ளைக்காரரையும் வரிசையாக உட்கார வைத்து முக்கால் மணித்தியாலம் பாடம் எடுத்தான். எதைப் பற்றி? மீனா, சுறாவா, பவளப்பாறையா? இல்லை நானா, காது! “கீழ போகப் போக தண்ணி காதுச் சவ்வ உள்ளுக்குத் தள்ளும் மாமா. மூக்கப் புடிச்சிட்டு மெதுவா ஊதினா உள்ளாலயும் காத்து வந்து சமனாகும். நோவு வந்த பொறகு இல்ல, வர முந்தியே ஊதணும். ஒவ்வொரு ரெண்டு அடிக்கும் ஊதணும். நொந்தா நில்லுங்க, கொஞ்சம் மேல வாங்க, பலவந்தமா இறங்கப் படாது.” இதைச் சொல்லிவிட்டு என்னை எழும்பி மூக்கைப் பிடித்துக் காட்டச் சொல்கிறான், அந்நியப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க! எனக்கு ஆத்திரம் வந்தது. “தம்பி, எங்கட வாப்பா சங்கு குளிச்ச ஆள். மூச்சப் புடிச்சா கால் மணித்தியாலம் மேல வரமாட்டார். அவர் ஒரு நாளும் மூக்கத் தொட்டதில்ல” என்றேன். வாப்பா உப்பளத்தில் அல்லவா வேலை செய்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். உப்பு எங்கேயிருந்து வருகிறது நானா, கடலிலிருந்துதானே? “அது சரி, மீனுக்கு மூக்கப் புடிக்கக் கையிருக்கா? அது எப்படி இறங்குது?” என்று ஒரு கேள்வியும் போட்டேன். வெள்ளைக்காரர் வாயடைத்துப் போனார்கள், அவர்களுக்குத் தமிழும் விளங்காது. பொடியன் மட்டும் சிரித்துக்கொண்டு, “மீன் அங்கயே பொறந்தது மாமா, நாம விருந்தாளி” என்றான். இது பெண் வீட்டு ஆளிடம் கதைக்கிற கதையா?

பிறகு போட்டில் வைத்து, “காதுல என்ன சாமான் சரி ஈக்கா மாமா? ஒண்டும் ஈக்கப் படாது” என்று கேட்டான். இல்லை என்றேன். அத்தர் பஞ்சை யாராவது சாமானில் சேர்ப்பார்களா? தண்ணீர் பட்டு வாசம் போய்விடக் கூடாது என்று அதைச் சுண்டுவிரலால் கொஞ்சம் உள்ளே தள்ளியும் வைத்தேன். இறங்கினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு எழுபது அடி போயிருப்பேன். மூன்று மீட்டர் என்று அவனுடைய கைமணிக்கூடு காட்டியதாம், அது பழுதான மணிக்கூடு. யாரோ காதுக்குள் ஆணி அறைகிற மாதிரி இருந்தது. அவன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு மூக்கைப் பிடி, மூக்கைப் பிடி என்று சைகை காட்டுகிறான். நான் பிடிப்பேனா? தலையை ஆட்டிவிட்டேன். உடனே என் வாரைப் பிடித்து ஒரு முழம் மேலே தூக்கினான், காத்திருந்தான், மறுபடியும் மூக்கைக் காட்டினான். இப்படி மூன்று தரம், எருமைக் கன்றைப் பிடித்து வைத்திருப்பது போல! கடைசியில் வெள்ளைக்காரரைக் கூட இறங்கிய மற்றப் பொடியனோடு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் அவனே மேலே கொண்டுவந்தான். அவர்கள் ஆமை பார்த்தார்களாம். நான் பார்த்தது அந்தப் பொடியனுடைய மூக்கை மட்டும்தான். தண்ணீருக்குள் நான் கத்தியதாக அவன் சொல்கிறான். பொய். நான் கலிமா சொன்னேன்.

அநியாயம் போட்டில்தான் நடந்தது. ஒரு டோர்ச்சை அடித்து என் காதுக்குள் பார்த்து, ஒரு சின்ன இடுக்கியால் புளியங்கொட்டை அளவு பஞ்சை வெளியே எடுத்தான். போட் முழுக்க அத்தர் வாசம். “அப்ப இது என்ன மாமா?” என்றான். “அது சுன்னத்து, நபிவழி!” என்றேன். மேலே வந்திருந்த வெள்ளைக்காரி ஒருத்தி அந்தப் பஞ்சைப் படம் எடுத்துக்கொண்டாள். நம்முடைய குடும்பத்துப் பஞ்சு இப்போது எந்த நாட்டில் இருக்கிறதோ தெரியாது. அங்கிருந்து ஈரச் சாரத்தோடு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி டாக்டரிடம் கொண்டு போனான். சவ்வு சிவந்து வீங்கியிருக்கிறது, ஓட்டை இல்லை, ஒரு கிழமை இரண்டு கிழமையில் காதடைப்பு திறக்கும் என்றார் டாக்டர். அப்போது இந்தப் பொடியன் சொன்னதைக் கேளுங்கள்: “பிழை என்ட பக்கம்தான், டாக்டர். இறக்க முந்தி நான் காதப் பாத்திருக்கணும்.” செய்யாத பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறவன் எந்த வியாபாரத்தில் நிமிர்வான்? அதுவும் போதாதென்று அடுத்த நாள், தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிய வெள்ளைக்காரன் ஒருவனை, “இந்தக் காதோட இறங்க ஏலாது” என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறவன் பெண்டாட்டி பிள்ளையை எப்படிப் பார்ப்பான்? பயந்தாங்கொள்ளி நானா. நம்மட பிள்ளையை இவனுக்குக் கொடுக்க வேண்டாம். இதுதான் என் சொல், இதுதான் முடிவு.

காதைப் பற்றிக் கட்டின பெண்டாட்டி ஹவ்வாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை. சொன்னால் சிரிப்பாள், பிறகு கல்பிட்டியே சிரிக்கும். வலது காது முழுசாய் அடைப்பு, இடது காதில் கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பது போல ஒரு முனகல். போன் எடுக்காததும் இதனால்தான். ஆனாலும் என் கெட்டித்தனத்தால் ஒருவருக்கும் தெரியாது. யார் என்ன கதைத்தாலும் சிரித்துத் தலையை ஆட்டிவிடுவேன். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பொடியனின் வாப்பா அபூசாலி, பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். அரை மணித்தியாலம் என்னவோ கதைத்தார்கள். விருந்தாளிகளை முறித்துப் பேசக் கூடாது என்று நானும் மரியாதையாகத் தலையை ஆட்டி, கை கொடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிற ஆட்களுக்கு ஹவ்வா ஏன் இனிப்பு வட்டிலப்பம் வைத்தாள் என்பதுதான் விளங்கவில்லை.

மதினி இங்கே சுகம். றிஃப்னாவும் இரண்டு நாளாய் நல்ல சந்தோஷம், ஏனென்று தெரியாது. உங்கள் ரிஸ்கிலும் ஆயுளிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. நாளைக்குக் கத்தார் திரும்புகிற ஜப்பாரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி,
செய்னுலாப்தீன்.

பி.கு.: திங்கள் காலை. சுபஹு தொழுதுவிட்டு வரும்போது டப்பென்று காது திறந்தது. முதலில் காதில் விழுந்தது ஹவ்வாவின் குரல், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளிடம்: “ஓம், அடுத்த மாசம் இருவத்தெட்டு, வெள்ளிக்கிழம நிக்காஹ்.” “ஆர்ட நிக்காஹ்?” என்று கேட்டேன். “என்ன கேள்வி இது? நீங்கதானே நாள் குடுத்தீங்க! அபூசாலிக் காக்கா மூணு தரம் கேட்டாரு, மூணு தரமும் தலைய ஆட்டினீங்க. ‘நானாட சம்மதமும் இதுதானா’ண்டு கேக்க, சிரிச்சிக்கிட்டு கையும் குடுத்தீங்க. பள்ளி ஆளுங்க துஆவும் ஓதிட்டாங்க.” றிஃப்னா ஓடி வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் நானா. ஜப்பார் வாசலில் நிற்கிறான், வேறு கடிதம் எழுத நேரமில்லை. ஆகவே மேலே பயந்தாங்கொள்ளி என்று வருகிற இடத்தில் நிதானமானவன் என்று வாசித்துக்கொள்ளுங்கள். லீவு போட்டு வந்து சேருங்கள். காது கேட்காமல் தலையாட்டினேன் என்று நான் ஊருக்கு முன்னால் ஒத்துக்கொள்வதைவிட, அந்தப் பொடியன் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.