நான்கு நிமிட நாவடக்கப் பரணி

வாழ்க சரவெடி! பட்டிமன்ற மேடைகளைப் பொடிப்பொடியாக்கிய பெருமாட்டி, ஒலிவாங்கியைக் கண்டால் உயிர் சிலிர்ப்பவள், எதிர்வாதியர் முன்னுரைக்கு வாயெடுக்குமுன் அவர்தம் முடிவுரையை முறித்துப் போடும் மின்னல்நாவினள், அரசியல் அறிவியல் மூன்றாமாண்டின் முடிசூடிய முழக்கம், நீடு வாழ்க! திசைகள் எட்டும் செவி தாழ்த்தட்டும். இதுவரை எவரும் சொல்லாத, சொன்னாலும் எவரும் நம்பாத செய்தி இது: அந்தச் சரவெடி, ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், முழு நினைவோடு, காய்ச்சல் ஏதுமின்றி, வாயில் பஞ்சு அடைக்கப்படாமலேயே, இன்னொருவர் பேசியதை நான்கு நிமிடம் குறுக்கிடாமல் கேட்டாள்.

சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். போர் மூண்ட காரணம் வருகிறது.

அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வாசல்கள் இரண்டு. சிற்றாலயத்தை ஒட்டியது முன்வாசல். விடுதியின் சலவைக்கூடத்தை ஒட்டியது பின்வாசல். இரண்டின் முன்னும் லாரியும் பேருந்தும் மதம் பிடித்த களிறுகளாய் ஓடும் நெடுஞ்சாலைகள். நடப்போர் கடக்க வெள்ளைக் கோடு போட்டுத் தரும்படி மாணவர் மன்றம் விண்ணப்பித்து விண்ணப்பித்து ஓய்ந்த வேளையில், கோப்பே கேடயமாய், பேனாவே வாளாய் வந்திறங்கினார் நகராட்சிப் பொறியாளர்.

"ஒரு எடத்துக்குத்தான் அனுமதி. எந்த வாசல்னு நீங்களே பேசி, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாக் குடுங்க. நாலு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் கோடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிடும்."

முன்வாசற் படைக்குத் தலைவி சரவெடி. அவளுக்கு அது வெறும் வாதமன்று. அவளது அறைத்தோழியை அங்கேதான் ஒரு மோட்டார் சைக்கிள் தட்டிப்போட்டது; இன்றும் ஊன்றுகோலோடுதான் அவள் படியேறுகிறாள். "உன் காலுக்குப் பதில் சொல்லாம விடமாட்டேன்டி" என்று மாவுக்கட்டின் மேல் பேனாவால் எழுதிச் சூளுரைத்தவள் சரவெடி.

பின்வாசற் படைக்குத் தலைவன், இயற்பியல் துறையின் நிதானம். பெயருக்கேற்ற பிள்ளை. அவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே ஒருவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்துவிடலாம். வில் வேண்டாம், வேல் வேண்டாம். இடைவெளியே அவன் படைக்கலம். கண்ணெதிரே ஒரு இடைவெளி கிடந்தால் அதில் பாய்ந்து குடியேறாமல் இருக்கமுடியாதது சரவெடியின் பிறவிக்குணம்.

நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்ட அவைக்கூடத்தில், மெய்யியல் கற்பிக்கும் ஃபாதர், வெண்ணிற அங்கி சரசரக்க எழுந்து, ஏதோ விளையாட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த மணற்கடிகையை உயர்த்திப் பிரகடனம் செய்தார்:

"ஒருவர் பேச, மற்றவர் கேட்க! நான்கு நிமிடம் முடிந்ததும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்க! சொன்னவர் 'அதேதான்' என்று ஒப்புக்கொண்ட பின்னரே பதில்! குறுக்கிட்டால் கடிகை மறுபடி முதலிலிருந்து!"

விடுமுறைக்கு மகளை அழைத்துப்போக வந்து, மடியில் பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்த சரவெடியின் தாயார் பதறிப்போனார்.

"ஃபாதர், வேற யாரையாச்சும் உக்கார வைங்க. ஜெபத்துலயே நீங்க முடிக்கிறதுக்கு முன்னாடி ஆமென் சொல்றவ இவ."

"அம்மா!"

"என்ன நொம்மா? தூக்கத்துலகூட பதில் சொல்றவதானே நீ? இவ நாலு நிமிஷம் சும்மா இருந்தா நான் பேசுறதையே விட்டுடறேன்."

மணி மூன்றே முக்கால். கடிகை கவிழ்ந்தது, மணல் விழுந்தது, போர் தொடங்கியது.

"பின்வாசல்ல..." என்றான் நிதானம்.

"கூட்டமே கிடையாது!" என்றாள் சரவெடி. பதினோரு நொடி. கடிகை திரும்பியது.

இரண்டாம் நாள் போர் எனத்தக்க இரண்டாம் முயற்சியில், அவன் ஒரு சொல்லுக்குத் தடுமாறினான்; ஈகை உள்ளம் படைத்த நம் தலைவி அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். கடிகை திரும்பியது. மூன்றாம் முறை அவள் பேசவில்லை. மூக்கால் ஒரு "ம்க்கும்" மட்டும் எய்தாள். "முனகலும் பேச்சே!" என்று தீர்ப்பளித்தார் ஃபாதர். மணி மூன்று ஐம்பது. பொறியாளர் பேனாவுக்கு மூடி போட்டார். முன்வாசற் படையினர் முகம் வாடியது. பின்வாசற் படையினர் நகம் கடித்தனர். வட்டத்தில் அமர்ந்திருந்த அறைத்தோழி தன் ஊன்றுகோலைப் பார்த்தாள். அந்தப் பார்வை சரவெடியின் நெஞ்சில் வேலாய் இறங்கியது.

நான்காம் முறை கடிகை கவிழ்ந்தபோது, அவள் இதழ்க்கதவை இழுத்துச் சாத்தினாள்; முப்பத்திரண்டு பற்காவலரையும் கோட்டைச்சுவரில் நெருக்கமாய் நிறுத்தினாள்; உள்ளே கட்டுண்ட நாவெனும் நால்வகைப் படை, "திற கதவை! அவன் புள்ளிவிவரம் தப்பு!" என்று முழங்கி முரசறைந்து முட்டி மோத, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுக்க, காதோரம் வியர்வை ஆறாய்ப் பெருக, புருவங்கள் இரண்டும் தனித்தனியே வாதம் செய்ய, மூடியிட்ட பானைக் கொதிநீர்போல் தோள்கள் குலுங்க, ஆனால் ஒலி மட்டும் ஒரு துளியும் சிந்தாமல், அமர்ந்திருந்தாள் அந்த அமரர் போற்றும் அடக்கத்தினள்!

நிதானம் பேசினான்.

"முன்வாசல்ல... வாட்ச்மேன் அண்ணன் இருக்காரு. விசில் ஊதி... வண்டிய நிறுத்துவாரு."

இடைவெளி.

"பின்வாசல்ல யாருமே இல்ல. சலவைக்கூடத்து அக்காங்க... துணி வண்டியத் தள்ளிக்கிட்டு... அவங்களா ரோட்டத் தாண்டுறாங்க. ஒரு நாளைக்கு எட்டு தடவ."

பெரிய இடைவெளி. பதினேழு நொடி. ஒரு பேரணியே நுழையத்தக்க அகலம். தாயார் கண்ணை மூடிக்கொண்டார். கோட்டை அதிர்ந்தது, கதவு பிளக்கவில்லை.

"அதுல ஒருத்தங்க... என் சித்தி."

மூன்றாண்டுகளாக ஒரே மன்றத்தில் அவனோடு மோதி மோதி வென்றவள் சரவெடி. ஒருமுறைகூட அவனை நான்காவது வாக்கியத்தை எட்டவிட்டதில்லை. கோட்டைக்குள் முரசு திடீரென்று நின்றது. இப்போது அவள் அடக்கிக்கொண்டிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் ஃப்ரெண்ட அடிச்சது... வாட்ச்மேன் அண்ணன் சாப்பிடப் போன நேரம். அந்த அரை மணி நேரம்... இனிமே முன்வாசல்ல நாங்க நிக்கிறோம். ஆளுக்கு ஒரு நாள். மூணு வாரமா... இந்த லிஸ்ட்ட பையிலயே வச்சிருக்கேன்."

கடைசி மணலும் விழுந்தது. மணி மூன்று ஐம்பத்துநான்கு.

சரவெடி வாய் திறந்தாள். வழக்கமான இடியோசை வரவில்லை. ஆலயத்தில் பேசும் குரல் வந்தது. வாட்ச்மேனின் விசில், எட்டு முறை தாண்டும் துணிவண்டி, சித்தி, சாப்பாட்டு அரை மணி, பையிலிருக்கும் பட்டியல் என ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் அடுக்கிக் காட்டினாள்.

அவை நிதானத்தைப் பார்த்தது. அவன் கூரையைப் பார்த்தான். கடிகார முள்ளைப் பார்த்தான். பிறகு வாய் மலர்ந்தான்.

"அதே..."

ஐயகோ! "தான்" என்னும் ஒரே அசை! அது அவன் தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவே எங்கோ இளைப்பாறிக் கொண்டிருந்தது. கூடமே அதைச் சொல்லத் துடித்தது. சரவெடியின் நுனிநாக்கில் அது அம்பென நாணேறி நின்றது. எய்தால் கடிகை திரும்பும், நாலு மணி தாண்டும், கோடு மார்க்கெட்டுக்குப் போகும். பொறியாளரே மூச்சை நிறுத்தினார். ஃபாதர் தம் கழுத்துச் சிலுவையைப் பற்றினார். அம்பை விழுங்கினாள் சரவெடி; கண்ணில் நீர் வந்தது.

"...தான்."

ஆர்த்தது அவை! முரசெனத் தட்டின மேசைகள்! "இனி நீ பதில் சொல்லலாம் மகளே, உனக்கும் நாலு நிமிஷம் உண்டு" என்று கடிகையைக் கவிழ்க்கப் போனார் ஃபாதர். சரவெடி தோழியைத் திரும்பிப் பார்த்தாள். தோழி தலையசைத்தாள்.

"வேணாம் ஃபாதர். எங்க கையெழுத்துப் போடணும்? அந்த லிஸ்ட்ல திங்கக்கிழமைக்கு என் பேரையும் எழுது நிதானம். வளவளன்னு பேசாம சீக்கிரம் எழுது!"

பின்வாசலுக்குக் கோடு என்ற கடிதத்தில் இரு படைத்தலைவரும் ஒப்பமிட, நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் கோப்பு மூடியது.

பேருந்து நிறுத்தத்தில் மகள் பயணச் சுமையோடு இடம் தேட, தாயார் கைப்பேசியைக் காதில் வைத்து, மறுமுனையில் விழுந்து விழுந்து சிரித்த கணவரை அதட்டினார்.

"சிரிக்காதீங்க, நான்தான் கண்ணால பாத்தேன்ல, நாலு நிமிஷம் அவ வாயத் திறக்கல."