ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு மாத்திரை

காத்தடிக்காரரிடம் கையை நீட்டாமல் எங்கள் ஊரைத் தாண்டிப் போனவர் ஒருவரும் இல்லை. கோயில் காளை மட்டும் தப்பித்தது. அதற்குப் பட்டை எட்டவில்லை.

அவர் சர்க்கார் சுகாதார ஊழியர். மலேரியாவுக்காக வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுப்பதுதான் அவர் வேலை. ரத்தக் கொதிப்பு பார்க்கச் சொல்லி யாரும் அவரை அனுப்பவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொதிப்பு பார்க்கும் பழைய கருவி ஒன்றைக் கொடுத்துப் பழக்கிவிட்டார். அன்று பிடித்த பைத்தியம். பாதரசப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடிப்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை.

நேரம் காலம் பார்க்க மாட்டார். ஒருமுறை வரப்புத் தகராறில் பங்காளிகள் இருவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார்கள். இவர் நடுவில் போய்ப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் கையக் காட்டிப்போட்டு வெட்டிக்கோங்க."

காட்டினார்கள். "யாருக்குங்க சாஸ்தி?" என்றார் மூத்தவர். தனக்குத்தான் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு பெருமை. சண்டை அதோடு போயிற்று.

உப்பு கொதிப்புக்கு ஆகாதாம். யார் வீட்டு வாசலிலாவது உப்புக்கண்டம் காய்ந்தால், எழவு வீட்டுக்கு வந்தவர் போல நின்று தலையை ஆட்டிவிட்டுத்தான் போவார்.

உங்கள் அப்புச்சி அவரிடம் மாட்டியது நாமக்கல் ரோட்டு லாரிப் பட்டறையில். அப்போது அப்புச்சி சொந்த லாரி வைத்து ஓட்டினார். அவர் மகளை, உங்கள் அம்மாவை, நான் கட்டிய புதிது. நான் அதே லாரியில் இரண்டாவது டிரைவர். காற்றடித்துப் பார்த்தவர், உடனே டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்.

"எனக்கு ஒரு நோவும் இல்லீங்களே," என்றார் அப்புச்சி.

"டயர்ல காத்து சாஸ்தியானா டயர் சொல்லுமுங்களா? வெடிச்சாத்தானுங்க தெரியும்."

அதுவரை அவர் பேசியது எதுவும் பட்டறையில் யாருக்கும் ஏறவில்லை. டயர் என்றதும் எல்லோருக்கும் ஏறியது. வரிசையாகக் கையைக் காட்டினார்கள், டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார்கள். சில மாதத்தில் அப்புச்சிக்குக் கொதிப்பு இறங்கி நின்றது. அன்றைக்கே மிச்ச மாத்திரையை டூல் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

"ஏன் மாமா?" என்று கேட்டேன்.

"காத்த எறக்கியாச்சு. எறக்குன டயர் தானா ஏறுமுங்களா, மாப்ள?"

விசாரித்தால் பட்டறை முழுக்க அதே நியாயம்தான்.

பிறகு ஒருநாள் காலை சங்ககிரி ரோட்டில் ஸ்டெப்னி மாற்றும்போது அப்புச்சி கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. பேச்சு குழறியது. லாரியிலேயே சேலம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். உங்கள் அம்மா அப்போது உங்களில் பெரியவனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அப்பா பிழைப்பாரா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிழைத்தார். பேச்சு மெதுவாகத் திரும்பியபோது காத்தடிக்காரர் வந்து கட்டில் அருகில் நின்றார். பெட்டி இல்லாமல் அவரை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"டயர்னு நான் சொன்னதுதானுங்க தப்பாப் போச்சு."

"டயருக்கு என்னங்க? வேற சாமான் ஒன்னு பாத்துச் சொல்லுங்க," என்றார் அப்புச்சி.

அதற்கப்புறம் காத்தடிக்காரர் விடிந்தால் பட்டறையில் வந்து நின்று லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு காலையில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போன டிரைவரின் கையைப் பிடித்தார்.

"நேத்து ஊத்துனமேன்னு இன்னைக்கு ஊத்தாம எடுப்பீங்களா?"

"எஞ்சின் போயிருமுங்களே."

"அப்ப மொதல்ல உங்களுக்கு மாத்திர. அப்பறம் அதுக்குத் தண்ணி."

மாத்திரை சாப்பிடுகிறவர்களின் லாரித் தண்ணீர்க் கேன் ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு சின்ன டப்பாவைக் கம்பியால் கட்டினார். மாத்திரை அதில் இருக்கும். லோடு நேரத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க லாரிக்காரனால் ஆகாது என்று டாக்டரம்மாவிடம் சொல்லிச் சொல்லி, மாதம் ஒருமுறை அவரையே பட்டறைக்கு வர வைத்தார். ஒருவர் தூக்கக் கலக்கத்தில் மாத்திரையை ரேடியேட்டரில் போட்டதாகப் பேச்சு உண்டு. அந்த ஆளும் மறுக்கவில்லை.

அப்புச்சி மறுபடி ஸ்டியரிங் பிடிக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் வந்து, மாத்திரையை விழுங்கிவிட்டு லாரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலையாயிற்று. அப்படிப் பிழைத்திருந்துதான் உங்கள் மூவரையும் தூக்கி வளர்த்தார்.

காத்தடிக்காரருக்கு ஆத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் பட்டறைக்கு வந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு யாரு காத்தடிச்சுப் பாக்கறது?" என்று கேட்டார் அப்புச்சி.

அவர் சைக்கிளில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அப்புச்சி அவரைப் பழைய டயர் மேல் உட்காரவைத்து, விளங்காத கையால் பட்டையைக் கோணலாகச் சுற்றி, நல்ல கையால் காற்றடித்தார். பாதரசம் ஏறியது, இறங்கியது. அதைப் படிக்க அப்புச்சிக்குத் தெரியாது.

"எப்படிங்க இருக்குது?" என்றார் காத்தடிக்காரர்.

"நல்லா இருக்குதுங்க, சாமி," என்றார் அப்புச்சி. சொன்னாரே தவிர, அவர் கையை விடவில்லை.