கூண்டுக்கு வெளியே கரைந்த மஞ்சள்

ஆரணியை விட்டுக் களம்பூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. முழங்கை வரை அரக்குச் சாயம். பஸ்ஸுக்குக் காசு இருந்தது; உட்காரத்தான் மனம் வரவில்லை. கூண்டுக்காரரையே நினைத்துக்கொண்டு நடந்தேன். நான் வேலை செய்த அத்தனை ஊர்களிலும், தன் மேல் தானே புகார் எழுதி, அதில் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்து உறை ஒட்டியவர் அவர் ஒருவர்தான்.

நான் இருந்த பட்டுச் சாயப்பட்டறை முதலாளியின் அக்கா மகன் அவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சென்னையில் ரசாயன ஆராய்ச்சி. உதவித்தொகை நின்றுபோனதால் ஆய்வேட்டை எழுதி முடிக்க ஊருக்கு வந்து, பட்டறையின் பின்மூலையில் ஒரு மேசை போட்டுக்கொண்டார்.

வந்த மறுநாளே கூண்டுக்காரர் என்று பட்டப்பெயர் விழுந்தது. முதலாளி மனைவி, அதாவது அவருடைய அத்தை, சாம்பாருக்கு வைத்திருந்த ஆறு கத்தரிக்காயைத் தூக்கிவந்து, பன்னிரண்டு ஈர்க்குச்சியால் குத்தி இணைத்து ஒரு கூண்டு செய்தார். நடுவில் ஒரு சுண்டைக்காயைத் தொங்கவிட்டார்.

"கத்தரிக்கா உலோக அணு. குச்சி வேற மூலக்கூறு. தண்ணியில போட்டுச் சூடு பண்ணா தானா இப்படிக் கூண்டா சேர்ந்துக்கும். உள்ள இருக்கிற சுண்டக்காயும் உலோகம்தான். வேலை செய்யறது அதுதான். சின்ன இடம், அதனால வேலை சுத்தமா நடக்கும்."

"ஆள் வெக்காம தானா சேருமா சார்?" என்றேன்.

"பந்தியில சோத்து வாசனை வந்தா யாரும் சொல்லாமலே வரிசையா உக்கார்றாங்களே, அந்த மாதிரி அண்ணே."

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் அத்தை வந்து கூண்டைப் பிரித்து எடுத்துப்போய்க் குழம்பில் போட்டுவிட்டார்.

முதலாளிக்குக் கூண்டு புரியவில்லை, பட்டம் புரிந்தது. அக்கா மகன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று பெயின்டரிடம் எழுதி வாங்கிய பலகை, ஆணி அடிக்க நாள் பார்த்துக்கொண்டு சாய டின்களுக்கு நடுவே சாய்ந்திருந்தது. பட்டு வாங்க வருகிறவர்களிடம் விலைக்கு முன்னால் அதைக் காட்டுவார்.

ஆய்வேடு முடிந்த மாதிரிதான். பேராசிரியரும் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் கூண்டுக்காரருக்கு ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதை அவரைத் தவிர யாரும் கேட்கவில்லை.

இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் மஞ்சள் தண்ணீர். முதல் குப்பியில் கூண்டைப் போட்டார். பத்து நிமிஷத்தில் மஞ்சள் போய் வெறும் தண்ணீர் மாதிரி ஆனது. இது அவர் நாலு வருஷமாகப் பார்த்ததுதான்.

"இப்ப ரெண்டாவது. இதுல போடற கூண்டுக்குள்ள வேற ஒரு மூலக்கூற எடமே இல்லாம அடைச்சுட்டேன். மஞ்சள் உள்ள போக முடியாது. நெறம் அப்படியே நின்னா, வேலை கூண்டுக்குள்ளதான் நடக்குதுன்னு அர்த்தம். நான் ஜெயிச்சேன்."

"போயிட்டா?"

"நாலு வருஷம் போச்சு."

வாட்சைப் பார்க்கும் வேலை எனக்கு. இரண்டு பேரும் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினோராவது நிமிஷம் மஞ்சள் இல்லை.

அவர் நம்பவில்லை. குப்பிகளைக் கழுவிக் கழுவி ஏழு தடவை செய்தார். ஏழு தடவையும் போனது.

"உள்ள இருந்த உலோகம் துளித்துளியா வெளிய உதிர்ந்திருக்கு அண்ணே. உதிர்ந்ததுதான் எல்லா வேலையும் செஞ்சிருக்கு. கூண்டு சும்மா நின்னுகினு இருந்திருக்கு."

"நம்ம பட்டறையிலகூட அப்படி ரெண்டு பேர் நின்னுகினு இருக்கானுங்க சார்."

சிரித்தார். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் அடுப்பு நெருப்பைத் தள்ளிவிடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார்: என் முடிவு தவறு, ஆய்வேட்டை அனுப்பாதீர்கள். தபால் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எங்கள் பேச்சைக் கேட்டிருந்த முதலாளி வாசலில் மறித்தார்.

"அந்தக் கவரக் குடு. பைத்தியம் புடிச்சி எழுதியிருக்கான்."

"கவர் அவருது முதலாளி."

"பட்டறை என்னுது."

"சரிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்ப் பெட்டியில் போட்டேன். திரும்பி வந்தபோது என் பை வாசலுக்கு வெளியே இருந்தது.

தெருமுனை வரை கூண்டுக்காரர் ஓடிவந்தார். "என்னால உங்க வேலை போச்சே அண்ணே."

"எனக்கு வேலை போறது பழக்கம் சார். உங்களுக்குத்தான் இது மொத தடவை. சாப்புட்டுத் தூங்குங்க. இனிமே இன்னா பண்ணப் போறீங்க?"

"உதிராத கூண்டு செய்யணும். மொதல்லேர்ந்து."

இன்னும் நாலு வருஷமா என்று கேட்க வாய் வந்தது; பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அன்று ராத்திரி களம்பூர் பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். விடிந்ததும் ஒரு அரிசி ஆலையில் போய் நின்றேன். நெல் அவிக்கிற இடத்தில் ஆள் வேண்டியிருந்தது.

"முன்னாடி யாருகிட்ட இருந்த?" என்றார் மேஸ்திரி.

முதலாளி பெயர்தான் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு ஆராய்ச்சிக்காரர்கிட்ட," என்றேன்.

அவர் என் சாயக் கைகளைப் பார்த்தார். "ஏன் அவர வுட்டுட்டு வந்த?"

"நான் வுடலீங்க," என்று சொல்லிவிட்டு, கோணியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு நெல் சுமக்கப் போனேன்.