தார்ப்பாய் போர்த்திய சோலார் ஹீட்டர்

நெல்லித்தோப்பு,
18-1-2008

மதிப்புக்குரிய சம்பந்தி விஜயராகவன் அவர்களுக்கும் வீட்டு அம்மாளுக்கும் பாவாடை இரண்டு கையும் கூப்பிச் சொல்லிக்கொள்வது. இங்கே நானும் பாக்கியலட்சுமியும் பையன் அன்பழகனும் சுகம். சுகம் என்பது கடிதாசிக்காகச் சொல்வது; உண்மை கீழே வருகிறது. நான் கைநாட்டு என்பது தங்களுக்குத் தெரியும். இதுவரை வீட்டுக் கடிதாசியெல்லாம் என் மருமகள், தங்கள் மகள் துர்காதான் எழுதினாள். அவளைப் பற்றியே எழுத வேண்டியிருப்பதால் எதிர்வீட்டு டீச்சர் செந்தமிழ்ச்செல்வியை உட்கார வைத்துச் சொல்கிறேன். பிழை இருந்தால் டீச்சருடையது, காரம் இருந்தால் என்னுடையது.

நிச்சயதார்த்தத்தன்று தவளக்குப்பத்தில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து தாங்கள் பேசியது ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. படிக்காதவனுக்கு எழுதி வைக்க வழியில்லை, மண்டையில்தான் வைக்க வேண்டும். நான் இலையில் எது விழுந்ததோ அதோடு சேர்த்து வைத்துக்கொள்வேன். கத்திரிக்காய்க் கூட்டு விழும்போது, ஜெர்மனிக்காரன் கூரையில் சோலார் பலகை போட்டு, தன் வீட்டுக்குப் போக மிச்சக் கரண்டைக் கரண்டாபீசுக்கே விற்கிறான் என்றீர்கள். சாம்பாருக்குச் சீனா வந்தது: அங்கே மாடிக்கு மாடி வெயிலில்தான் வெந்நீர். ரசத்தில் ஸ்பெயின் தேசம். பொட்டல் வெளியில் நூற்றுக்கணக்கில் கண்ணாடி நிறுத்தி, வெயிலையெல்லாம் ஒரு கோபுரத்து உச்சிக்குத் திருப்பி, நீராவி எடுத்துக் கரண்ட் செய்கிறானாம். பாயசம் ஊற்றுகிறவன் நின்று கேட்டதில் என் இலை நிரம்பி வேட்டியில் ஓடியது, அது ஆப்பிரிக்கா: கரண்டுக் கம்பியே போகாத ஊரில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறார்கள், பிரசவம் பார்க்கிற இடத்தில் விளக்கு எரிக்கிறார்கள். வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுக்கும் வெயில்தான் சோறு என்று மோரில் முடித்தீர்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடைக்காரர் இத்தனை தேசம் பேசுகிறாரே என்று நான் மயங்கிப் போனேன். அந்த மயக்கத்தில்தான், பெண்ணுக்குச் சீராகச் சோலார் ஹீட்டர் தருகிறேன் என்றதும் தலையாட்டினேன். நான் வாய் திறந்து கேட்கவில்லை என்பதை டீச்சரிடம் அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் சீர் என்றால் கட்டில், பீரோ. மொட்டை மாடிக்கு ஏறிய முதல் சீர் தங்களுடையது.

வந்து இறங்கிய நாளிலிருந்து அதை நான் காபந்து பண்ணிய மாதிரி யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். வரிசையாகக் கண்ணாடிக் குழாய், மேலே பளபளவென்று தொட்டி. தெருவில் போகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்த்தான். கண் படாதா? காக்கை எச்சம் வேறு, பையன்கள் அடிக்கிற பந்து வேறு. அன்றைக்கே கனமான தார்ப்பாயாக வாங்கி, ஒரு குழாய் விடாமல் போர்த்தி, நாலு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிவிட்டேன். இந்த இடத்தில் டீச்சர் பேனாவை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா சிரிக்கிற?" என்றேன். "ஒண்ணுமில்ல பெரியவரே, நீங்க சொல்லுங்க" என்றார். சொல்கிறேன். துர்காவும் அன்றைக்கு, "மாமா, அதுக்கு வெயில் படணும் மாமா" என்றாள். "வெயில் எங்கம்மா போயிடப் போவுது? மில்லுல பாய்லர்லேர்ந்து வர்ற குழாய முப்பது வருஷம் பார்த்தவன் நான். சாக்கு சுத்தி, மண்ணு பூசி, மூடித்தான் வைப்பான். தொறந்து போட்டா சூடு ஓடிடும்" என்றேன். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் மில் முசே, அந்தப் பிரெஞ்சுத் துரை, தினமும் வந்து அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். அதற்கேற்றாற்போல் ஆனி, ஆடியெல்லாம் குழாயில் கை வைக்க முடியவில்லை. "பார்த்தியா?" என்று துர்காவிடம் காட்டினேன். "ஹீட்டர்ல சேராத குழாயிலயும் இப்படித்தான் மாமா வருது..." என்று ஆரம்பித்தாள். புது மருமகள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்ததும் சூடு போய்விட்டது. மார்கழியில் கிணற்றுத் தண்ணீரே தேவலை என்று ஆனது. நான் சும்மா இருக்கவில்லை. குளிர்காலம் ஆயிற்றே என்று தார்ப்பாய்க்கு மேல் ஒரு ஜமுக்காளமும் போர்த்திப் பார்த்தேன். இன்னும் மோசமானது, ஜமுக்காளத்தை எடுத்துவிட்டேன். போகியன்று விடியலில், பண்டிகைக்கு வந்திருந்த என் அக்கா தனக்கொடி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, "சம்பந்தி சீரு வெந்நியில குளிக்கப் போறேன்" என்று பெருமையாக உள்ளே போனாள். முதல் சொம்புக்கு அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போகி மேளம் அடித்த பிள்ளைகள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நடுங்கிக்கொண்டே வெளியே வந்து, "ஏண்டா பாவாட, உன் சம்பந்தி வெந்நித் தொட்டின்னு சொல்லி ஐஸ் பொட்டியக் குடுத்துட்டாரா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "அவரு ஜெர்மனி வரைக்கும் சூடு போட்டவரு அக்கா, நெல்லித்தோப்புக்குத்தான் பத்தல" என்றேன். வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். துர்கா சிரிக்கவில்லை. அரைத்த மாவை அப்படியே வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். "எங்கப்பா குடுத்த பொருளுக்கு மரியாதை வர்ற அன்னிக்கு நானும் வர்றேன் மாமா" என்று பஸ் ஏறிவிட்டாள். தலைப் பொங்கலுக்குத் தாய் வீட்டுச் சீரை இங்கே வாசலில் நின்று வாங்க வேண்டிய பெண், சீர் கிளம்புகிற வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாள்.

அன்று முதல் அன்பழகன் என்னோடு பேசுவதில்லை. வேலைக்குப் போகிறான், வருகிறான், மாடியைப் பார்க்கிறான். பாக்கியலட்சுமி பேசுகிறாள், அது அதைவிடக் கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலே, பேப்பர். சாயங்காலமானால் துர்காதான் எனக்குப் பேப்பர் படிப்பாள். முன்பெல்லாம் பையனைக் கேட்டால் தலைப்பை மட்டும் படித்து மடக்கிவிடுவான். அவள் அப்படியல்ல, கண்ணீர் அஞ்சலி, காணாமல் போன எருமை, மின்தடை ஆகும் தெருக்கள், ஒரு வரி விடமாட்டாள். நடுவில் நிறுத்தி, "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்று கேட்பாள். இத்தனை வயதில் என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல். போகியிலிருந்து வந்த பேப்பரெல்லாம் மடிப்புக் கலையாமல் அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே சம்பந்தி, தாங்கள் நேரில் வந்து பொருளைப் பழுது பார்க்க வேண்டும். முடியாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள், பதிலுக்கு ஒரு துரும்பும் வேண்டாம். பெண்ணை மட்டும் அனுப்பி வையுங்கள். கோளாறு பொருளில்தான், மாமன் மேல் இல்லை என்று தாங்களே அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தங்கள் கடையில் கட்டிய மோட்டாரெல்லாம் புகையாமல் ஓடட்டும், தங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாவாடை (இடது கைப் பெருவிரல்)

பின்குறிப்பு: நேற்று எழுதிய கடிதாசியை ஒட்டுவதற்குள், பக்கத்து வீட்டுத் தணிகாசலம் இன்றைக்கு ஆற்றுத் திருவிழாவில் கரும்புக் கடை போட நிழல் வேண்டும் என்று விடியலிலேயே தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு போனான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவக் குழாயைத் திறந்தேன். இப்போது பெருவிரல் வைக்கிற நிலையில் இல்லை. பாக்கியலட்சுமி மருந்து தடவிக் கட்டியிருக்கிறாள், சிரித்துக்கொண்டே. அக்கா தனக்கொடி ஒரு தடவை குளித்துவிட்டு மறுபடியும் குளிக்கப் போயிருக்கிறாள். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடச் சொன்னேன். "கையெல்லாம் வலிக்க எழுதியிருக்கேன் பெரியவரே, அடிக்க மாட்டேன்" என்கிறார் டீச்சர். தாங்கள் வர வேண்டாம், பொருளில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சம்பந்தி, ஜெர்மனி முதல் சாட்டிலைட் வரை சொன்ன தாங்கள், மேலே எதையும் போட்டு மூடாதீர் என்று ஒரு வார்த்தை, ஊறுகாய் வைக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். போகட்டும். மாமாவே யோசித்துத் தார்ப்பாயை எடுத்துவிட்டார் என்று துர்காவிடம் சொல்லி, அடுத்த பஸ்சில் அனுப்புங்கள். இந்தக் கடிதாசியை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவள் ஒரு வரி விடமாட்டாள்.