கையெழுத்தில்லாத காதல் அட்டை

அந்தப் படத்தை என் வீட்டார் யாரும் பார்க்கக்கூடாது என்று சபதம் எடுத்தேன். என் வீட்டார் என்றால் பெரில் ஒருத்திதான். அதனால் சபதம் சுலபம் என்று நினைத்தேன். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்குப் பிறகும் இப்படி நினைக்கிறவனை நீங்களே என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

படத்தின் கதை இதுதான். எங்கள் ஊரில் பிறந்த அந்த மகா நாடகாசிரியர் ஒரு வரிகூட எழுதவில்லையாம். எழுதினது யாரோ ஒரு பிரபுவாம். இவர் பேரை மட்டும் போட்டுக்கொண்டு மாலை வாங்கினாராம். ஏவன் ஆற்றங்கரையில் அவர் பேரைச் சொல்லித்தான் எல்லார் வீட்டிலும் அடுப்பெரிகிறது. அவர் நாடகங்களுக்கு முப்பது வருஷம் திரை இழுத்தவன் நான். மதுக்கடைப் பெயர்ப் பலகையில் இருக்கும் அவர் முகத்தைத் துணியால் மூடிக் கண்டனம் தெரிவிப்பது என்று நண்பர்கள் முடிவு செய்தோம். துணி என் பொறுப்பு.

“டெஸ்மண்ட், கட்டில் விரிப்பு எங்கே?”

“பெரியவர் முகத்தை மூடியிருக்கு.”

“செத்தவங்களுக்குத்தான் முகத்தை மூடுவாங்க.”

“இது கண்டனம், பெரில்.”

“படத்தைப் பாத்துட்டுக் கண்டனம் பண்ணு. சனிக்கிழமை மத்தியானத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்.”

ஊர் மானம் எல்லாம் சும்மா. அவள் இந்தப் படத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்கு நிஜக் காரணம், எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்கும் ஒரு அட்டை.

எழுபத்தொன்றாம் வருஷம், பிப்ரவரி பதினாலு, காதலர் தினம். எங்கள் பக்கம் அன்றைக்குக் காதல் அட்டை அனுப்புகிறவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. யார் அனுப்பியது என்று குழம்புவதில்தான் சுகம். பெரில் அப்போது பாலத்தடி ரொட்டிக்கடையில் இருந்தாள். முழங்கை வரை மாவு, நெற்றியில் ஒரு சுருள் முடி. அந்தக் கடையின் வாசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னமோ செய்கிறது. மூன்று வருஷம் தினமும் திராட்சை பன் வாங்கினேன். “ஒண்ணு குடுங்க” என்பதைத் தாண்டி வாய் வரவில்லை.

அன்றைக்குக் கடை மேஜைமேல் ஒரு அட்டை. நாலே வரி, உருகி வழிந்தது.

“இது நீ அனுப்பினதா?” என்று கேட்டாள்.

எவன் எழுதினானோ. நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். செய்த தப்பு அவ்வளவுதான். ஜூன் மாசம் கல்யாணம். தபால்காரர் லயனல்மேல் எனக்குச் சந்தேகம். நாற்பது வருஷமாக அவரோடு பேச்சில்லை.

சனிக்கிழமை போனோம். திரையில் பிரபு எழுதி எழுதித் தேய்கிறார். இன்னொருத்தன் மேடையில் நின்று கும்பிடுகிறான். அவன் கும்பிடும்போதெல்லாம் பெரில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதற்குமேல் மறைத்தால் அவளே கண்டுபிடித்து என்னை வெறுத்துவிடுவாள் என்று பயந்தேன். வெளியே வந்து ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்ததும் கொட்டிவிட்டேன்.

“பெரில், அந்த அட்டை நான் எழுதினதில்லை.”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“நீ சிரிச்சப்போலேருந்து.”

“அப்போ எழுதினது லயனலா?”

“பாவம், அவரை ஏன் இழுக்கறே? நான்தான்.”

நான் ஆற்றைப் பார்த்தேன். அன்னங்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

“மூணு வருஷம் பன்னா தின்னுட்டிருந்தே. போட்டிக்கு ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சாலாவது வாயைத் தொறப்பேன்னு நானே எழுதி வெச்சேன். நீ என்னடான்னா, எழுதினதே நான்னு நின்னே.”

அந்த மூன்று வருஷமும் அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதில் அது தெரிகிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட சந்தோஷமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா, தினம் காலையிலே திருட்டு முழியோட டீ போட்டு என் கட்டிலுக்கே கொண்டுவந்திருப்பியா?”

இனிமேல் டீ கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“நாளையிலேருந்து சர்க்கரை ஒரு ஸ்பூன் போதும்,” என்றாள்.

“சரி,” என்றேன்.