சகலையின் மஞ்சள் காரும் என் சிவப்புக் காரும்

மனைவியின் அக்காள் புருஷன் மோசமான ஆளாக இருந்துவிட்டால் வாழ்க்கை சுலபம். நல்ல நாள் பெரிய நாளில் மனைவியோடு உட்கார்ந்து அவரைப் பற்றிக் குறை பேசியே பொழுதை ஓட்டிவிடலாம். என் சகலை நல்லவர். (இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.)

பெயர் குணராஜ். புளத்கொகுபிட்டியவில் ஃபைபர் வேலை செய்யும் சின்னப் பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். தண்ணீர்த் தாங்கிக்கு மூடி, ஓட்டோவுக்குக் கூரை என்று செய்துகொண்டிருந்த மனிதர், திடீரென்று ஒரு பழைய காரின் மேல்கூட்டை உரித்தெடுத்துவிட்டு, வெளிநாட்டுப் பந்தயக் காரைப் போலவே ஒரு கூடு செய்து அதில் மாட்டினார். நல்ல மஞ்சள். கதவு மற்றக் கார்களைப்போல் பக்கவாட்டில் திறக்காது. சேவல் சிறகைத் தூக்குவதுபோல் மேலே போகும். என்ஜின் அதே கிழட்டு என்ஜின்தான். ஏற்றத்தில் ஓட்டோக்காரன் முந்திக்கொண்டு போவான். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? கேகாலைப் பக்கத்து மாப்பிள்ளைகளெல்லாம் வந்தால் அந்தக் காரில்தான் வருவோம் என்று நின்றார்கள்.

நானும் சும்மா ஆள் இல்லை. தெரணியகலையில் கராஜ் வைத்திருக்கிறேன். நசுங்கிய வாகனத்தை நிமிர்த்த வேண்டுமென்றால் 'யோகா பாஸ்' என்று தமிழரும் சிங்களவரும் தேடி வருவார்கள். அப்படிப்பட்டவனின் மனைவி சாந்தி, போன் முகப்பில் அந்த மஞ்சள் காரின் படத்தைப் போட்டுக்கொண்டாள். அதுவரை அந்த இடத்தில் நான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தியாள் மாலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணை எந்தக் காரில் கோயிலுக்குக் கூட்டிப் போவது என்று வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, மஞ்சள் கார் இருக்கிறதே! அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பொண்ணுக்குக் கார் நான் கட்டுறேன்" என்றேன்.

சாந்தி என்னைப் பார்த்தாள். மாமியார் மேலே கூரையைப் பார்த்தார். சகலை மட்டும்தான் முகம் மலர்ந்தார். "நல்ல விசயம் சகலை. ஃபைபர் வேலையில என்ன ஒதவின்னாலும் கேளுங்க" என்றார்.

கேட்பேனா? அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவனைப்போல் அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு அவரே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனார். (இதுவும் ஒரு பிரச்சினை. சாந்தியும் கூட இருந்தாள், அவர் தேத்தண்ணி போடுவதைப் பார்த்துக்கொண்டாள்.) அந்த இடைவெளியில் பையிலிருந்த நைலோன் நூலை எடுத்து மஞ்சள் காரின் நீளம், அகலம், கதவின் உயரம் எல்லாவற்றையும் அளந்து முடிச்சுப் போட்டேன். அடிப்பக்கத்தை மட்டும் அளக்கவில்லை. தரையில் படுத்தால் சட்டை அழுக்காகிவிடும்.

அதன் பிறகு கராஜில் வேறு வேலையே நடக்கவில்லை. ஒரு பழைய காரின் கூட்டைக் கழற்றி, அதன் சட்டத்தின்மேல் மூங்கிலும் கோழிக்கூட்டு வலையும் வைத்து உருவம் கட்டினேன். அதன்மேல் ஃபைபர் போட்டேன். ஃபைபர் தூசு பட்டு உடம்பெல்லாம் அரித்தது. தின்கிற சோறும் ரெசின் பசை மணத்தது. சாந்தி என் பாயைத் தூக்கி முன் அறையில் போட்டுவிட்டாள். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. சகலையின் காரைவிடச் சிவப்பாக, சகலையின் காரைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தயக் கார் என்றால் தரையை நக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஸ்பிரிங்குகளை வெட்டிக் குறைத்தேன். கண்ணாடிகள் இறங்கினால் அழகு கெடும் என்று இறங்காதபடி ஒட்டினேன். தெரணியகலை டவுனின் சமதரையில் ஓட்டிப் பார்த்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு நான் சகலையை மன்னித்தேன்.

கல்யாண நாள் காலையில் மாலாவை ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் கோயிலை நோக்கிப் புறப்பட்டேன். மற்றவர்கள் வான் வண்டியில் பின்னால் வந்தார்கள். சகலை மஞ்சள் காரைக் கொண்டுவரவில்லை. இன்றைக்கு எல்லாரும் சிவப்புக் காரைத்தான் பார்க்க வேண்டும் என்று சாந்தியிடம் சொன்னாராம். எரிச்சல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேயிலை ஃபெக்டரிக்கு முன்னால், கொழுந்து லொறிகள் வேகமாகப் போகாமலிருக்கப் பாதைக்குக் குறுக்கே சிமெந்து மேடு போட்டிருக்கிறார்கள். அதில் ஏறினோம். இறங்கவில்லை. கார் வயிற்றை மேட்டில் வைத்துப் படுத்துவிட்டது. முன் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. கூடு வளைந்ததில் இரண்டு கதவும் இறுகிக்கொண்டன. கண்ணாடியும் இறங்காது. உள்ளே வேர்த்துக் கொட்டியது.

மாலா தலைப்பூவைச் சரிசெய்துகொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"மாமா, நான் இன்னைக்கே கல்யாணம் கட்டிக்கணும்னு நெனச்சேன்."

பின்னால் வந்த பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, குனிந்து பார்த்து, கண்ணாடியைத் தட்டி, "யோகா பாஸ், மேக்க கார் எக்கக்த, இப்பெக்த?" என்று கேட்டான். சிங்களத்தில் இது காரா, ஆமையா என்று அர்த்தம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். எல்லாரும் இறங்கி வந்தார்கள். கண்ணாடியை உடைக்கலாம் என்றார் ஒரு மாமா. கல்லும் எடுத்துவிட்டார்.

அப்போது பட்டு வேட்டியோடு சகலை வந்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் சேற்றில் படுத்துக் காரின் அடியில் பார்த்தார். எழுந்து வந்து கண்ணாடிப் பக்கம் வாயை வைத்துக் கேட்டார்.

"சகலை, இந்தக் கூட்ட எத்தன போல்ட்டுல புடிச்சிருக்கீங்க?"

"நாலு."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே என் தொழிலைக் காறித் துப்பியிருப்பார்கள். சகலை, "நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். பஸ்காரனிடம் ஸ்பேனர் சாவி வாங்கி நான்கையும் கழற்றினார். மேளக்காரர், பஸ்காரன், பெண் வீட்டார் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சோற்றுச் சட்டியின் மூடியைத் தூக்குவதுபோல் என் சிவப்புக் கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். உள்ளே, முழு அலங்காரத்தில் மாலா. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான். போட்டோக்காரன் தன் கடமையைச் செய்தான்.

கூட்டின் பாரம் போனதும் வண்டி எழும்பி, ஒரு தள்ளில் மேட்டை விட்டு இறங்கியது. முகூர்த்தத்துக்கு நேரமில்லை. வான் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. "இப்படியே போங்க மாமா" என்றாள் மாலா. மழையும் தூற ஆரம்பித்தது. சகலை பின்னால் ஏறி நின்று, யாருடையதோ ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். வெறும் சட்டமும் சீட்டும் சக்கரமுமாக நாங்கள் போனோம். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று கை காட்டினார்கள். எனக்குத்தான் என்று நினைத்து நானும் காட்டினேன்.

தாலி நேரத்துக்கே ஏறியது. ஆனால் நாங்கள் போனதை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள், அன்று மாலைக்குள் அது எல்லார் போனிலும் இருந்தது. சேறு படிந்த பட்டு வேட்டியும் குடையுமாக நிற்பவரை ராஜா மாதிரி இருக்கிறார் என்றார்கள். கல்யாண ஆல்பத்தில் பெரிதாகப் போட்ட படத்தில் மாலா இருக்கிறாள், குடை இருக்கிறது, சகலை இருக்கிறார். நான் முழங்கை வரை இருக்கிறேன்.

போன மாதம் கொடகவெலயிலிருந்து ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். மகளுக்குக் கல்யாணமாம். வீடியோ பார்த்தாராம். நான் உடனே குரலைச் சரிசெய்துகொண்டு, கார் ரெடி, கூட்டோடு வேண்டுமா, கூடு இல்லாமல் வேண்டுமா என்று கேட்டேன்.

"கார் எங்ககிட்ட இருக்குங்க. அந்தக் கொடை புடிச்சவரு வருவாருங்களா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது என் பிழைதான். இப்போதெல்லாம் எதற்காவது நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சாந்தி உள்ளேயிருந்து கேட்கிறாள்: "ஏங்க, அக்கா வீட்டுக்காரர வந்து கொடை புடிக்கச் சொல்லவா?"