ஆனையூர் சபையின் உபசரிப்பு ஞாயிறு

விருந்தோம்பலைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று உலகம் இனிமேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனையூர் கிறிஸ்தவ சபையார்தான். சந்தேகப்படுகிறவர்கள் கமிட்டியின் தீர்மானம் எண் பதினான்கைப் பார்க்கலாம்: "அந்நியரை உபசரிப்பதில் நமது சபை ஏற்கெனவே முன்மாதிரியாக விளங்குவதால், வரும் ஞாயிற்றை 'உபசரிப்பு ஞாயிறு' என அனுசரிப்பது." முன்மொழிந்தவர் செயலாளர் இம்மானுவேல் பாண்டிராஜ். வழிமொழிந்தவர்கள் அனைவரும். வடை ஆறிக்கொண்டிருந்ததால் விவாதம் தேவைப்படவில்லை.

உபசரிக்க ஓர் அந்நியர் வேண்டுமே! அதற்கும் பஞ்சமில்லை. தான்சானியாவிலிருந்து மதுரைக்குப் பார்மஸி படிக்க வந்த பாரக்கா, இரண்டு வருஷமாக அதே சபையின் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றால் அவனோடு நாலு பேர் செல்ஃபி எடுப்பார்கள். டீக்கடையில் "நைஜீரியாவா?" என்பார்கள். "இல்லண்ணே, தான்சானியா" என்றால், "அதான், நைஜீரியா பக்கத்துல" என்று அடுத்தவருக்கு விளக்குவார்கள். இம்புட்டுக்கும் நடுவில், ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டே அவன் மதுரைத் தமிழைப் பிசிறில்லாமல் கற்றுக்கொண்டுவிட்டான். சபையில் அதுவரை யாருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அவனோடு பேசியிருக்க வேண்டுமே.

பாரக்காவுக்கு அப்போது ஒரே ஒரு கவலை. கல்லூரி விடுதியை இடித்துக் கட்டப்போகிறோம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். விசா நீட்டிப்புக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள், வாடகைக்கு இடம் தந்ததாக வீட்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். இல்லையென்றால் கடைசி வருஷப் படிப்பை அந்தரத்தில் விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஆனையூரில் பதினொரு வீட்டு வாசலில் 'டூ லெட்' போர்டு தொங்கியது. அவன் மணியடித்த அதே நிமிஷத்தில் பதினொரு வீடும் வாடகைக்குப் போய்விட்டன. அப்படியொரு வேகத்தை எந்த ஊர் வீட்டுத் தரகரும் கண்டிருக்க மாட்டார்.

பத்மாசினி அம்மாள் மட்டும் கேட்டைத் திறக்காமலே காரணம் சொன்னார். "சைவத்துக்கு மட்டுந்தான் தம்பி."

"நானும் சைவந்தாம்மா."

"எப்பருந்து?"

"இப்பருந்து."

"அப்படீன்னா ஃபேமிலிக்கு மட்டும்."

பதினோராவது வீடு பாண்டிராஜுடையது. "அண்ணே, மாடி காலியா இருக்கா?" என்று பாரக்கா கேட்க, அவர் உருக்கமாக அவன் தோளில் கைவைத்தார். "முடிஞ்சுபோச்சு தம்பி. ஆனா ஒண்ணு, வர்ற ஞாயித்துக்கெழம நீதான் சிறப்பு விருந்தினர்! தமிழெல்லாம் வேணாம், இங்கிலீஷ்ல பேசு. நான் மொழிபெயர்ப்பேன். அதான் சபைக்குக் கௌரவம்."

சரி, சபைக்கு வருகிற நூற்றெண்பது பேரில் ஒருவருக்காவது மனசு இருக்காதா என்று பாரக்கா ஒத்துக்கொண்டான்.

ஃப்ளெக்ஸ் கடை ராம்கி தொழில் பக்தி உள்ளவன். யார் முகத்தைக் கொடுத்தாலும் "பளிச்சுனு" ஆக்கித்தான் கொடுப்பான். பாரக்காவையும் அப்படியே ஆக்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் வாசலில் இருபதடி உயரத்தில் சிரித்தவர் யாரோ ஒரு சிவத்த ஆள். அதனால், பாரக்கா உள்ளே வந்ததும் வரவேற்புக் குழுவினர் தடுத்து நிறுத்தினார்கள். "சிறப்பு விருந்தினர் இன்னும் வரலப்பா. நீ சும்மாதான நிக்கிற, அந்தச் சேரையெல்லாம் எடுத்துப் போடு."

பாரக்கா நாற்பது நிமிஷம் சேர் எடுத்துப் போட்டான். பிறகு பாண்டிராஜ் வந்து அடையாளம் கண்டு, வியர்த்த கழுத்தில் பொன்னாடையைப் போர்த்தினார். ஆயர் எழுமலை ஊரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்ததால் மேடை முழுக்க அன்றைக்குப் பாண்டிராஜ்தான்.

"நாளைக்குள் எனக்கு ஒரு வீடு வேண்டும். இல்லாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று பாரக்கா இங்கிலீஷில் தொடங்கினான்.

"இந்தச் சபைதான் என் வீடு, என்னைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் என்கிறார்!" என்று மொழிபெயர்த்தார் பாண்டிராஜ். கைதட்டல்.

"பதினொரு வீட்டில் கேட்டேன். எங்கும் இடம் தரவில்லை."

"பதினொரு நாடு பார்த்தேன், இப்படிப்பட்ட அன்பை எங்கும் காணவில்லை என்கிறார்!"

"அல்லேலூயா!" என்றது சபை.

பாரக்காவுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். "நான் அப்படிச் சொல்லலண்ணே." சபை நிமிர்ந்தது. "நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஒரு வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். பாண்டிராஜ் அண்ணன் மாடி ஆறு மாசமா சும்மாதான் கெடக்கு. போர்டு இன்னைக்கும் தொங்குது. எங்கம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல, பயமா இருக்கு. யாராச்சும் ஒருத்தர் மனசு வைங்க."

முன்வரிசை ஞானசுந்தரி டீச்சர் கன்னத்தில் கைவைத்தார். "ஆத்தி! பிள்ள எம்புட்டு அழகாத் தமிழ் பேசுது!"

கோயில் அதிரக் கைதட்டினார்கள். "இன்னொருக்கா சொல்லுங்க தம்பி, வீடியோ எடுக்கல!" என்று நடுவிலிருந்து ஒருவர் கத்தினார்.

பாரக்கா இன்னொருக்கா சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். இந்தத் தடவை கைதட்டல் பாதியிலேயே நின்றுவிட்டது. அர்த்தம் உள்ளே இறங்கிவிட்டது போலும். நூற்றெண்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பாண்டிராஜ் சமயோசிதம் மிக்கவர். "ஜெபிப்போம்!" என்றார்.

அடேயப்பா, அதுவல்லவா ஜெபம்! ஆனையூர் சபை அவ்வளவு ஊக்கமாக ஜெபித்ததே கிடையாது. மாடி காலியாக இருந்தவர்கள் கண்ணை இறுக மூடினார்கள். இரண்டு மாடி காலியாக இருந்தவர்கள் முழங்காலிலேயே விழுந்தார்கள். கால் மணி நேரம் போயிற்று. அரை மணி நேரமும் போயிற்று. பாரக்கா பொன்னாடையை மடித்துச் சேரில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதை வழியாகவே நடந்தான். செருப்புச் சத்தம் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டது. திறந்தால் அவன் தெரிந்துவிடுவானே என்று ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆண்டவரே! இந்த அந்நியனுக்கு ஏதாவது ஒரு கதவைத் திறந்தருளும்!" என்று கதறினார் பாண்டிராஜ். அவர் மாடிக் கதவின் சாவி அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.